சாய்தளத்தின் இரண்டு பக்கமும்

திருக்கோகர்ணம்
ஞாயிறு காலை

அன்புள்ள நித்யா,

இரண்டும் பிழைத்துக்கொண்டன. நாங்களும்தான். புல்லா கொடியா, எதை வைத்துக்கொண்டு எதை எடுப்பது என்று நீ போனில் கேட்டபோது நான் மழுப்பியதற்குக் காரணம் உண்டு. அப்பா பக்கத்து நாற்காலியில் இருந்தார். இதை அவர் காதுபடச் சொல்ல முடியாது. அதனால்தான் இந்தக் கடிதம். அந்தக் குளிர் ஊரில் நீ சளி பிடிக்காமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன்.

முதலில் நன்றி. அம்மா மகளுக்கு நன்றி சொல்வது நம் வீட்டில் வழக்கமில்லை, வாயால் சொன்னால் நீ சிரிப்பாய். காகிதத்தில் சொல்லலாம். பக்கவாதம் வந்து அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது வாசல் படிகளை இடித்துச் சாய்தளம் போட்டோம். அதன் இரண்டு பக்கமும் செம்மண் மொட்டையாகக் கிடந்தது. தோட்டம் வடிவமைக்கிற ஆபீசில் மகள் வேலை பார்க்கும்போது வாசல் இப்படிக் கிடக்கலாமா என்று நீதான் அந்தப் படங்களை அனுப்பினாய். ஒன்று நரிவால் மாதிரி பூக்கும் அழகுப் புல். இன்னொன்று ரங்கூன் மல்லிக் கொடி. உனக்குப் புல்தான் பிடித்திருந்தது. தண்ணீர் அதிகம் கேட்காது, கட்டிவிட வேண்டாம், கொம்பு நட வேண்டாம், அம்மாவுக்கு இன்னொரு வேலை வேண்டாம் என்றாய். எனக்குக் கொடி பிடித்திருந்தது. காரணத்தை அப்போது சொல்லவில்லை. கடைசியில் சாய்தளத்துக்கு இந்தப் பக்கம் புல், அந்தப் பக்கம் கொடி என்று முடிவு செய்தோம். கோபிநாத் பெரியப்பா மகன் என்றாலும் சொந்தப் பிள்ளை மாதிரி. அப்பாவின் கடையையும் பார்த்துக்கொண்டு, திருமயம் ரோட்டு நர்சரியிலிருந்து தொட்டிகளை பைக்கில் வைத்துக் கொண்டுவந்து சேர்த்தான். அவனுக்கும் ஒரு வார்த்தை அனுப்பு.

இப்போது காரணம். அப்பாவுக்குக் கால் வந்துவிட்டது. பேச்சும் வந்துவிட்டது. வலது கை வரவில்லை. வராது என்று டாக்டர் சொல்லவில்லை, பழக்கினால் வரும், இந்தச் சில மாதங்களை விட்டால் பிறகு கஷ்டம் என்றுதான் சொன்னார். அப்பா பழக்கவில்லை. பயிற்சி சொல்லித்தர வந்தவரிடம் இனி வர வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டார். கையைத் துண்டுக்குள் வைத்துக்கொள்கிறார். நீ வீடியோவில் பார்க்கும்போது துண்டு மடியில் கிடக்குமே, அதற்குள்தான் கை. நாங்களும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. மேசையை நகர்த்தி வைத்தோம், சோற்றைப் பிசைந்து வைத்தோம், கரண்டி வைத்தோம். கை இல்லாதது போலவே வீடு நடந்தது. கையை நினைவுபடுத்தக் கூடாது என்பது அன்பு என்று நினைத்தேன்.

கொடி என்றால் தினமும் ஒரு கை வேண்டும். இழுத்துக் கட்ட வேண்டும், திருப்பிவிட வேண்டும். மளிகைக் கடையில் நாற்பது வருஷம் பொட்டலம் கட்டியவர் முன்னால் நான் தப்புத்தப்பாகக் கட்டினால் அவருக்குப் பொறுக்காது, எழுந்து வருவார். இதுதான் என் கணக்கு. அவர் பார்க்கும்படி நின்று, பழைய சேலையைக் கிழித்து, வேண்டுமென்றே மோசமாகக் கட்டினேன். பார்த்தார். டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த வாரம் இன்னும் மோசமாகக் கட்டினேன். கொடி சரிந்து சாய்தளத்தில் படுத்தது. அவர் அதைத் தாண்டி நடந்து போனார். எதிர்வீட்டு அழகி மட்டும் வந்து, "கொடி வெச்சா பாம்பு வருங்க, தெரியும்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

உன் புல் எதுவும் கேட்கவில்லை. அது பாட்டுக்கு வளர்ந்தது. மாடு ஒருமுறை மேய்ந்தது, மறுபடி தழைத்தது. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் ஏன் களையை விட்டு வைத்திருக்கிறீர்கள் என்றார்கள். பிறகு பூத்தது. சொல்ல வேண்டும் நித்யா, அது அழகு. சாயங்கால வெயில் பின்னாலிருந்து விழும்போது கருஞ்சிவப்பும் வெள்ளையுமாக, காற்று இல்லாதபோதும் லேசாக ஆடும். அதற்கு யாரும் தேவையில்லை. அதைப் பார்த்தபோது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது. ஏன் என்று கேட்காதே. நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற மனிதரும் அப்படித்தான் எதுவும் கேட்காமல் இருந்தார்.

உனக்குப் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்று நினைத்திருந்த அந்த வாரம்தான் திருமயத்திலிருந்து பிரகதீஸ்வரி அத்தை வந்தாள். நான் காய் வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால் சாய்தளத்தின் ஒரு பக்கம் மொட்டை. அடிக்கட்டை மட்டும் நிற்கிறது. அத்தை அரிவாளோடு, வியர்வையோடு, முகமெல்லாம் சிரிப்பாக உட்கார்ந்திருக்கிறாள். "ஏன் மதினி, வாசல்ல இம்புட்டுத் தொடப்பப்புல்லை வளத்து வெச்சுக்கிட்டு ஒங்களுக்குக் கடைத் தொடப்பமா கேக்குது?" என்றாள். பூ முழுவதையும் அறுத்து இரண்டு துடைப்பம் கட்டியிருந்தாள், ஒன்று எனக்கு, ஒன்று அவளுக்கு. தீபாவளிக்கு வீடு கூட்ட ஆகுமாம். எனக்கு அழுகை வந்தது. இது அழகுக்கு வைத்த புல் என்றேன். "புல்லுல என்னத்த அழகு? அண்ணன்கிட்ட கேட்டுட்டுத்தான் அறுத்தேன்" என்றாள். அப்பாவைப் பார்த்தேன். "அவ ஆசைப்பட்டா" என்றார்.

தன் கைவேலையைக் காட்ட அத்தை சாய்தளத்தைக் கூட்ட ஆரம்பித்தாள். கூட்டக் கூட்டக் குப்பைதான் சேர்ந்தது. அந்தப் பூ பஞ்சு மாதிரி உதிர்கிறது. நாலு இழுப்பில் கட்டும் அவிழ்ந்து, தண்டுகள் சரசரவென்று வாசல் முழுக்கச் சிதறின. அப்போது அப்பா, "கட்டு சரியில்ல" என்றார். அன்று அவர் தானாகச் சொன்ன முதல் வார்த்தை. அத்தை விடுவாளா. "ஆமா, இங்கிட்டு உக்காந்துக்கிட்டு நல்லாக் குறை சொல்லுங்க. நீங்க கட்டுங்களேன்! பொட்டலம் பொட்டலமாக் கட்டுன கைதானே, துண்டுக்குள்ள என்ன அடைகாக்குதா?"

எத்தனையோ மாதமாக நாங்கள் சுற்றிச் சுற்றி நடந்த இடத்தில் அவள் நேராகக் கால் வைத்துவிட்டாள். அப்பா முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அத்தையோ ஒன்றும் நடக்காதது போலத் தண்டுகளைப் பொறுக்கி அவர் மடியில் கொட்டினாள். நூலையும் போட்டாள். பிறகு அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

நான் சமையலறைக்குப் போய்விட்டேன். நின்று பார்த்தால் நிறுத்திவிடுவாரோ என்று பயம். பருப்பைக் களைந்துகொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வலது கையை இடது கையால் தூக்கித் தண்டுகளின் மேல் வைத்தார், எடைக்கல் வைப்பது போல. அது நழுவியது. மறுபடி வைத்தார். இடது கையால் நூலைச் சுற்றினார். நூல் முனையைப் பல்லில் கடித்து இழுத்தார். அவிழ்ந்தது. "விடுங்கண்ணே, நான் கட்டுறேன்" என்று அத்தை கை நீட்டியபோது முழங்கையால் தள்ளிவிட்டார். அந்த வலது கைவிரல்கள் மெதுவாக வளைந்து தண்டைப் பிடித்தன. என் கண்ணால் பார்த்தேன் நித்யா. முழுப் பிடி இல்லை. பிடிதான். முடிச்சு விழுந்தது. கடையில் போடுவாரே, விரலில் ஒரு சுற்று விட்டு நூலைச் சொடக்கி அறுப்பது, அது வரவில்லை. பல்லால் கடித்தார். அத்தை வாங்கிக் கூட்டிப் பார்த்தாள். மறுபடியும் பஞ்சு பறந்தது. அவள் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அப்பா, "கட்டு நிக்குது. சரக்குதான் உதிருது" என்றார். எந்தப் பொட்டலம் ஒழுகினாலும் அவர் பழி போடுவது சரக்கின் மேல்தான். அத்தை சிரித்த சிரிப்பு எதிர்வீடு வரை கேட்டிருக்கும். நானும் சிரித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் வெளியே வந்தேன்.

பிரகதீஸ்வரிக்கு நான் என்ன திருப்பிச் செய்வேன் என்று தெரியவில்லை. அவளுக்கு நடந்தது தெரியுமா என்றும் தெரியவில்லை. தெரிந்தேதான் சொன்னாளோ. பஸ் ஏறும்போது, "அடுத்த தடவை வாறப்ப இன்னும் நிறையா வளத்து வைங்க மதினி" என்றாள், அவ்வளவுதான். உதிருகிற துடைப்பத்தை அவள் மறக்காமல் எடுத்துப் போனாள்.

எனவே உன் கேள்விக்குப் பதில், இரண்டையும் எடுக்க வேண்டாம். கைவேலை கேட்கிற கொடி அவரை எழுப்பும் என்று நான் நினைத்தேன், எழுப்பவில்லை. ஒன்றுமே கேட்காது என்று நீ சொன்ன புல் எழுப்பிவிட்டது, அதுவும் அறுபட்ட பிறகு. இதில் யார் சரி என்று எனக்குத் தெரியவில்லை. அறுத்த அடியிலிருந்து பச்சை கிளம்பிவிட்டது. இன்று காலை அப்பா தானாக எழுந்து அந்தப் பக்கம் போனார். சரிந்து கிடந்த ரங்கூன் மல்லியைக் குனிந்து பார்த்தார். "சேலைக் கிழிசல்ல கட்டுனா மழைத்தண்ணி நின்னு தண்டு அழுகும். நல்ல சணலா வாங்கிட்டு வா, நான் கட்டுறேன்" என்றார். வாங்கி வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினால் கெட்டுவிடும் போல இருந்தது.

உனக்கும் அதுதான். அடுத்த முறை பேசும்போது கையைப் பற்றிக் கேட்காதே, பாராட்டாதே, காட்டச் சொல்லாதே. செடி எப்படி இருக்கிறது என்று மட்டும் அவரிடம் கேள். அவரே சொல்லட்டும். நீ ராத்திரி சாப்பிடாமல் படுக்கிற பழக்கத்தை விடு. எண்ணெய் தேய்க்காமல் தலைமுடியைக் கெடுத்துக்கொள்ளாதே. உனக்கு நல்ல மனிதர்கள் கிடைக்கட்டும், உன்னிடம் பயப்படாமல் பேசுகிற ஒருத்தியாவது பக்கத்தில் இருக்கட்டும். அப்பாவின் ஆசீர்வாதத்தையும் சேர்த்து நானே எழுதிவிடுகிறேன்.

அன்புடன்
அம்மா
சேதுலட்சுமி

பி.கு. ஒட்டுவதற்கு முன் இதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். இரண்டு உருண்டை சணல் வாங்கினேன், முறுக்கு இறுகியதாகப் பார்த்து.