புள்ளிகள் நிறைந்த படத்தின் பக்கம்

அன்புள்ள மனைவிக்கு,

உன் கணவன், ஸ்கேன் பரிசோதகன், நலமாயிருந்து எழுதுவது. உன் முழங்கால் வலி குறைந்ததா? என் வேலையைப் பற்றிப் பிறர் வாயிலாக அரைகுறையாகக் கேள்விப்படுமுன் நானே தெரிவிப்பதுதான் இக்கடிதத்தின் நோக்கம்.

நம் மகளின் முதல் ஸ்கேன் படத்தைப் பார்த்து, "என்னங்க, இது பிள்ளையா, மணல் மூட்டையா?" என்றாயே, மணல் போன்ற அந்தப் புள்ளிகளைத் துடைத்துப் படத்தை வழவழப்பாக்கும் மென்பொருளை எங்கள் மருத்துவமனையின் எல்லா இயந்திரங்களிலும் போடவிருக்கிறார்கள். இருவகைப் படங்களையும் ஐந்து பேர் ஒப்பிட்டோம். மற்ற நால்வருக்கும் வழவழப்பே பிடித்தது. ஆனால் ஒருவரது கல்லீரலில், ஓரிடத்தில் மட்டும் புள்ளிகள் பருமனாக இருந்தன; அது நோயின் அறிகுறியாக இருக்கலாம். துடைத்த படத்தில் அந்த இடமே தெரியவில்லை. அதனால் வழவழப்புக்கு நான் ஒப்புக்கொள்ளவில்லை.

"கண்ணுக்கு வயசாயிடுச்சு சார், தூசியக்கூட நோய்ங்கிறீங்க" என்று தலைமை மருத்துவர் சிரித்தார்.

"எது அழகுன்னு கேட்டா வழவழப்புதான் டாக்டர். நோய் எதுல தெரியுதுன்னுதானே கேட்டீங்க?" என்றேன்.

சிரிப்பு நின்றது. ஐவரும் கையெழுத்திட்டால்தான் மென்பொருளுக்கான ஒப்புதல் செல்லுமாம். மறுத்தால் என் ஒப்பந்தம் நீளாது என்று நிர்வாகி பக்குவமாகச் சொன்னார். நீ கவலைப்படாதே, வேளைக்குச் சாப்பிடுகிறேன். என் பழைய மூக்குக்கண்ணாடியை மட்டும் அனுப்பிவை. இங்கே கண்ணாடி கிடைக்காமல் இல்லை. பிடியில் நீ சுற்றிய நூலை அவிழ்த்துவிடாதே.

வேலைக்கு நேரமாகிவிட்டது. மென்பொருளுக்கான தாளில் கையெழுத்திட மாட்டேன். அந்த நோயாளியை மறுபடி அழைத்து ஸ்கேன் செய்ய வேண்டும் என்று தனியே எழுதி, அதன் கீழ் கையெழுத்திடப் போகிறேன்.

உன் கணவன்