நீங்கள் எடுத்துப்போக வராத மீன்கள்

பாய்,

இன்று சோமனூரில் மாதாந்திர கரண்ட் கட். காலையில் விசைத்தறிகள் எல்லாம் ஒரேயடியாக நின்றதும் காது அடைத்துக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. சத்தத்திலேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கு அமைதி வந்தால்தான் தூக்கிவாரிப்போடும். தறி நின்றால் மாடியறை மீன்தொட்டியின் காற்று மோட்டாரும் நின்றிருக்கும். மக்கை எடுத்துக்கொண்டு படியேறினேன். தொட்டித் தண்ணீரை மோந்து, கொஞ்சம் உயரத்திலிருந்து தொட்டியிலேயே திரும்ப ஊற்றினேன். பாசியும் மீன்தீனியும் கலந்த வாசனை எழுந்தது. கூடவே உங்கள் குரலும் வந்துவிட்டது: "மெதுவா ஊத்துங்க அம்மணி, மீனு பயந்துக்கும்."

அன்றும் இப்படித்தான் ஒரு கரண்ட் கட் பகல். நான் திருப்பூர் பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். தூக்கம் போய்ப் பல மாதம் ஆகியிருந்தது. என்ன குறை உனக்கு என்று கேட்டவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரு காரணமும் இல்லை. உயிரோடு இருப்பது மட்டும் தாங்க முடியாத வேலையாக இருந்தது. நாம் இருவரும் இருந்த அந்த மீன் வளர்ப்பு முகநூல் குழுவில் எழுதினேன்: "என் மீன்கள், தொட்டி, மோட்டார் எல்லாம் இலவசம். இன்றைக்கே எடுத்துக்கொள்ளவும்."

கமெண்ட்டுகள் குவிந்தன. "எனக்குங்க." "லொக்கேஷன் போடுங்க." "தொட்டி மட்டும் கெடைக்குமாங்க?" அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, நல்ல பெரிய தொட்டி அது. நடுவில், உக்கடத்தில் வளர்ப்பு மீன்கடை வைத்திருந்த நீங்கள் கேட்டீர்கள்:

"தப்பா நெனச்சுக்காதீங்க அம்மணி. செத்துப்போகலாம்னு இருக்கீங்களாங்க?"

குழுவே உங்கள் மேல் பாய்ந்தது. எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லையே யாரும் வாயில் எடுக்க மாட்டார்கள். சாவு வீட்டுக்குப் போகும்போதுகூட 'ஒரு காரியமுங்க' என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவோம். "நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சுங்க இது", "வாயைக் கழுவுங்க பாய்" என்று ஆளாளுக்குத் திட்டினார்கள். அட்மின் உங்கள் கமெண்ட்டைத் தூக்கிவிட்டார். அடுத்த நிமிடம் எனக்குத் தனியாக ஒரு மெசேஜ்: "அவங்க தூக்கிட்டாங்க. ஆனா நான் கேட்டது கேட்டதுதானுங்க. பதில் சொல்லுங்க."

முகம் தெரியாத ஒருவர் மரியாதை குறையாமல் அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "ஆமாங்க" என்று அடித்தேன். அதுவரை யாரிடமும் நான் அதைச் சொன்னதில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

உடனே நம்பர் வாங்கிப் போன் செய்தீர்கள். வாழ்க்கை எவ்வளவு அழகு என்று ஆரம்பித்திருந்தால் வைத்திருப்பேன். நீங்கள் கேட்டதோ, "மோட்டார் சத்தமே கேக்கலையே, கரண்ட் இல்லீங்களா?" என்று. இல்லை என்றேன். "அப்ப மீனுக்கு மூச்சு முட்டுமுங்க. போனை ஸ்பீக்கர்ல போட்டுட்டு ஒரு மக்கு எடுங்க. மோந்து மோந்து ஊத்துங்க. ஊத்திக்கிட்டே பேசுங்க."

ஊற்றிக்கொண்டே பேசினேன். என்னவெல்லாம் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. நீங்கள் குறுக்கே பேசவில்லை, "ம், சொல்லுங்க" என்பதைத் தவிர. கடைசியில், "அம்மணி, நான் டாக்டர் இல்லீங்க, மீனு விக்கிற ஆளு. இங்கிருந்து உங்களுக்கு ஒரு வாய் தண்ணிகூட என்னால குடுக்க முடியாது. பக்கத்துல யாரு இருக்காங்க?" என்றீர்கள். அண்ணி கீழே துணி காயப்போடுகிறார் என்றேன். "கூப்பிடுங்க. அவங்க வர்ற வரைக்கும் நான் லைன்லயே இருக்கறன்."

அண்ணி வந்தார். நீங்களே விஷயத்தைச் சொன்னீர்கள். அண்ணி என்னைத் திட்டவில்லை. ஈரக்கையோடு பக்கத்தில் உட்கார்ந்தார். என் கை வலித்திருக்கும் என்று மக்கை வாங்கி அவர் ஊற்ற ஆரம்பித்தார். மறுநாள் கோயமுத்தூரில் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனவரும் அவர்தான். மாத்திரை, பேச்சு, மறுபடி மாத்திரை என்று மெதுவாகத்தான் சரியானேன். ஆனால் சரியானேன்.

"மீனை யாருக்கும் குடுத்துப்போடாதீங்க, நானே வந்து எடுத்துக்கறன். இந்த வாரம் கடையில எடமில்லீங்க, அடுத்த வாரம்" என்று அன்று சொன்னீர்கள். அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து போன் செய்து, "இந்த வாரமும் எடமில்லீங்க. அதுவரைக்கும் பாத்துக்குங்க. மீனு தின்னுச்சா? நீங்க தின்னீங்களா?" என்றீர்கள். அதற்கடுத்த வெள்ளியும் இடமில்லை. கொஞ்சம் தெளிந்த பிறகு சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் கடைக்கு வந்து நின்றேன். சுவர் முழுக்கக் காலித் தொட்டிகள்! நான் அதைப் பார்ப்பதை நீங்கள் பார்த்துவிட்டு, "எல்லாம் புக்கிங் ஆயிடுச்சுங்க" என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டீர்கள். பொய் சொல்ல வராத மனிதர் நீங்கள்.

போன மாதம் நெஞ்சுவலியில் போய்விட்டீர்கள் என்று அதே குழுவில்தான் படித்தேன். அட்மின் தூக்கிய உங்கள் கேள்விதான் அன்று என்னைக் காப்பாற்றியது என்று அதன் கீழே எழுதினேன். உங்கள் வீட்டுக்கு வந்தேன். உங்கள் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "சோமனூர் மீன்காரப் புள்ளைதான? அன்னிக்கு நான் கடைக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன் கண்ணு. உங்கூடப் பேசறப்ப அவருக்குக் கை அப்படி நடுங்குச்சு. நாந்தான் போனைப் புடிச்சுக்கிட்டு நின்னேன்" என்றார். எனக்கு அது தெரியவே தெரியாது, பாய். உங்கள் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

இன்று தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே போனில் குழுவைப் பார்த்தேன். உடுமலைப்பேட்டையிலிருந்து ஒரு பெண்: "எல்லா மீனும் இலவசம், இன்றே எடுத்துக்கொள்ளவும்." அவசரமாக அடிக்கப் போனால், எனக்கு முன்பே மூன்று பேர் கேட்டிருந்தார்கள். முதல் ஆள் உங்கள் கமெண்ட்டைத் தூக்கிய அதே அட்மின்: "தப்பா நெனச்சுக்காதீங்க, செத்துப்போகலாம்னு இருக்கீங்களாங்க?"

பதில் வந்தது. "அய்யோ, இல்லீங்க! பேங்க்ல சேலத்துக்கு டிரான்ஸ்பர் போட்டுட்டாங்க, அதானுங்க." குழு முழுக்கச் சிரிப்புப் பொம்மைகள். சற்றுப் பொறுத்து அந்தப் பெண்ணே இன்னொரு வரி போட்டிருந்தார்: "ஆனா போன வருசம் யாராச்சும் இப்படிக் கேட்டிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்குமுங்க."

அவருக்குத் தனியாக மெசேஜ் அனுப்பி, நம்பர் வாங்கிப் பேசினேன். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, ஊற்றிக்கொண்டே. ரொம்ப நேரம் பேசினார். இப்போது பரவாயில்லையாம். இருந்தாலும் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். அம்மா இருக்கிறாராம். மீன்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், சேலத்துக்குக் கொண்டுபோகும் வழியைச் சொல்லித்தருகிறேன் என்றேன். நீங்களே எடுத்துக்கொள்ள முடியாதா என்று கேட்டார். என் தொட்டியில் இடமில்லை என்று சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் கரண்ட் வந்து தறிகள் ஓட ஆரம்பித்துவிட்டன. உங்கள் மீன்கள் என்னிடம்தான் இருக்கின்றன, பாய். குஞ்சும் பொரித்திருக்கின்றன. கடையில் இடமில்லை என்று நீங்கள் சொன்னதை நான் இன்னமும் நம்பிக்கொண்டுதான் இருக்கிறேன்.