நத்தை ஒளிந்திருக்கும் படங்கள்

மார்ச் 4, செவ்வாய்

நாத்தனார் வந்திருந்தார். வந்தவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, கண் நேராக என் விளையாட்டு அட்டை ஆல்பத்தின் மேல் போனது. மேசையில் விரித்துப் போட்டிருந்தது என் தப்புதான். இறக்கை முளைத்த குதிரை, மேகத்தின் மேல் கோட்டை கட்டிக் குடியிருக்கிற ராணி, நெருப்பு கக்கும் டிராகன் எல்லாரையும் ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு, பேரன் பேத்தி எடுக்கிற வயதில் இதென்ன பல்லிப் படம் சேர்க்கிறாய் என்று கேட்டார்.

"பல்லி இல்ல அண்ணி, டிராகன். பல்லின்னு சொன்னா அதுக்குக் கோபம் வரும். அப்புறம் உங்க புடவைக்கு நான் பொறுப்பில்ல."

அவர் சிரிக்கவில்லை. தம்பி பக்கம் திரும்பி, நீயாவது சொல்லக் கூடாதா என்றார். என் வீட்டுக்காரர் வழக்கம்போலச் செய்தித்தாளுக்குள் இன்னும் கொஞ்சம் உள்ளே போனார். இத்தனை வருஷத்தில் இந்த அட்டைகளைப் பற்றி அவர் நல்லதும் சொன்னதில்லை, கெட்டதும் சொன்னதில்லை. கடையில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் லேமினேஷன் போட்டுக் கொடுக்கிற மனிதர், தன் வாய்க்கும் ஒன்று போட்டுக்கொண்டார் போலிருக்கிறது.

நாத்தனார் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் யாரும் இதுவரை வாய் வைக்காத கோப்பைகள் வரிசையாக நிற்கின்றன. அதைக் கேட்க ஆளில்லை. கோப்பை என்றால் குடும்பப் பெண். டிராகன் என்றால் கிறுக்கு.

கிறுக்காகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

பொம்மைக் கடை மாடியில் கூட்டம். அட்டை சேர்ப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை கூடுகிற இடம். மற்றவர்கள் அட்டையை வைத்து விளையாடுகிறார்கள். எனக்கு அந்த விளையாட்டு தெரியாது. படத்துக்கு அடியில் இங்கிலீஷில் எறும்பு ஊர்ந்த மாதிரி என்னவோ எழுதியிருக்கும், அதைப் படிக்கவும் வராது. நான் போன பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு என்னை அனுப்பிவைத்துவிட்டது. எனக்குப் படம் போதும்.

கூட்டத்துக்குத் தலைவர் மாதிரி ஒருவர் இருக்கிறார். வெள்ளைக் கையுறை போடாமல் எந்த அட்டையையும் தொடமாட்டார். நான் அவருக்கு வெள்ளைக்கை என்று பேர் வைத்திருக்கிறேன். முப்பதாம் தேதி கண்காட்சி, ஆளுக்கு ஒரு மேசை, நீங்கள் என்ன வைக்கிறீர்கள் என்று கேட்டார். நத்தைக்காரரை வைக்கிறேன் என்றேன்.

அந்த ஓவியர் பேர் எனக்குத் தெரியாது. ஆனால் அவர் வரைந்த படத்தில் எல்லாம் எங்காவது ஒரு நத்தை ஒளிந்திருக்கும். சிப்பாயின் பூட்ஸுக்குப் பின்னால், நிலாவின் விளிம்பில், ராணியின் கொண்டைக்குள். என்னிடம் முதலில் வந்த அட்டையே அவருடையதுதான். நான் வேலை செய்கிற ஆஸ்பத்திரிச் சலவைக்கு வந்த தலையணை உறைக்குள் கிடந்தது. விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி வானத்தில் மீன் மேல் சவாரி போகிறாள். குழந்தைகள் வார்டில் போய்க் கேட்டேன், அந்தப் படுக்கைக் குழந்தை குணமாகி வீட்டுக்குப் போய்விட்டது என்றார்கள். நல்ல செய்திதானே. அன்றிலிருந்து அந்த மீன்காரி என்னிடம் இருக்கிறாள்.

இன்று, எல்லாரும் தேடிக்கொண்டிருக்கிற ராட்சதன் எனக்குக் கிடைத்துவிட்டான். இரட்டைத் தலைச் சிங்கத்தைக் கொடுத்து வாங்கினேன். தூங்குகிறான். அவன் நெஞ்சின் மேல் ஒரு ஊரே இருக்கிறது, வீடுகளில் விளக்கு எரிகிறது. நத்தை எங்கே தெரியுமா? அவன் கண் இமை முடி மேல்.

வீட்டுக்கு நடந்துதான் வந்தேன். கால் தரையில் பட்டதா என்று கேட்டால் சத்தியம் செய்ய மாட்டேன்.

மார்ச் 12, புதன்

ராட்சதனை வேலைக்குக் கொண்டுபோனேன். புத்தி இருந்தால் செய்வேனா? பஞ்சுவிடம் காட்டாமல் இருக்க முடியவில்லை. பஞ்சு எனக்கு அடுத்த இஸ்திரி மேசைக்காரி. ஒல்லி, ஊதினால் பறப்பாள், அதனால் அந்தப் பேர். காலையிலிருந்து வெள்ளை விரிப்பு, வெள்ளை உறை, வெள்ளைச் சுவர். வேறு நிறம் கண்ணில் படுவதே இல்லை அங்கே.

ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் கேட்டாள்: "இவ்வளவு பெரிய ஆளு. சட்டையை யாருக்கா தேய்ப்பா?"

சிரித்து முடிப்பதற்குள் அட்டை இஸ்திரி ஆவி குடித்துக் காய்ந்த இலை மாதிரி வளைந்துவிட்டது. வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது புலம்பித் தீர்த்தேன். ஆவி பட்டால் கெட்டுவிடும் என்றால் இதை எப்படி நாலு பேருக்குக் காட்டுவது? அவர் கேட்டுக்கொண்டார். தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டார்.

ராட்சதனை இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவில் வைத்து, தையல் மெஷினுக்கு அடியில் கொடுத்திருக்கிறேன். நிமிருவான்.

மார்ச் 15, சனி

நாத்தனார் போன். கண்காட்சியாமே, யார் வந்து பார்ப்பார்கள் என்றார். நீங்கள் வராவிட்டால் டிராகன் தேடும் என்றேன்.

மார்ச் 20, வியாழன்

எழுதக் கை வரல.

வேலை முடிந்து வந்தேன். மேசை மேல் பழுப்புத் தாளில் ஒரு கட்டு. அவர் பக்கத்தில் நிற்கிறார், கடைக்குப் போட்டுப்போன சட்டைகூட மாற்றவில்லை. முகத்தில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை நான் பார்த்து எத்தனை காலம் ஆச்சு. பிரி என்றார். பிரித்தேன்.

எல்லாம். ஆல்பத்தில் இருந்த எல்லாத்துக்கும். மீன்காரி, ராணி, டிராகன் — எல்லாத்துக்கும் லேமினேஷன் போட்டிருக்கார். கடையில் இருப்பதிலேயே தடிமனான ஷீட்டில். நாள் முழுக்க ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்து போட்டிருக்கார்.

"இனிமே ஆவி என்ன, மழையே பெஞ்சாலும் ஒண்ணும் ஆகாது. மூலையெல்லாம் வட்டமா வெட்டிட்டேன். கையில குத்தாது."

நான் என்ன சொல்லட்டும்? அந்தக் கூட்டத்தில் வெறும் விரல் பட்டாலே முகத்தைச் சுளிப்பார்கள். இதைப் பிரிக்கவும் முடியாது, பிரித்தால் படத்தின் தோலும் சேர்ந்து வந்துவிடும். இது அவருக்குத் தெரியாதா? தெரியாதுதான். யார் சொன்னா? நான்தான் என்னிக்காவது சொன்னேனா? அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். தொலையக் கூடாது என்று நினைப்பதை ஜனங்கள் அவரிடம் கொண்டுவருகிறார்கள். பிறப்புச் சான்றிதழ், மார்க் ஷீட், போய்ச் சேர்ந்தவர்களின் போட்டோ. அவர் அதற்கு ஷீட் போட்டுக் கொடுக்கிறார். வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போகிறார்கள்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லங்க." அவ்வளவுதான் சொன்னேன்.

அந்தச் சிரிப்பு சுவிட்சை அணைத்த மாதிரி போனது. கை கழுவப் போனார். குழாய் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

மார்ச் 21, வெள்ளி

அவரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. என் வாய் இவ்வளவு நேரம் சும்மா இருக்கும் என்று எனக்கே தெரியாது.

மார்ச் 23, ஞாயிறு

எல்லாவற்றையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு மாடிக்குப் போனேன். வெள்ளைக்கை மீன்காரியை எடுத்தார். பார்த்தார். பிறகு என்ன செய்தார் தெரியுமா? கையுறையைக் கழற்றினார். இதற்கு இனி அது எதற்கு என்கிற மாதிரி.

"கொன்னுட்டாங்களே அக்கா. இதுக்கு இனிமே மதிப்பே கிடையாது. மேசையில வைக்க முடியாது."

அதுவரைக்கும் எனக்கு அழுகைதான். பின்னால் ஒரு குரல், எந்த முட்டாள் செய்த வேலை என்று கேட்டது. இரண்டு பேர் சிரித்தார்கள். அழுகை எங்கே போனதோ, தேடினாலும் கிடைக்கவில்லை.

"என் வீட்டுக்காரர் செஞ்ச வேலை. கடையை மூடிப் போட்டுட்டு எனக்காகச் செஞ்சார். நத்தை உள்ளதான் இருக்கு, நல்லா பாருங்க. செத்த மாதிரி எனக்குத் தெரியல."

வெள்ளைக்கை மெதுவாக, ராட்சதனுக்கும் போட்டாகிவிட்டதா என்று கேட்டார். அவன் தையல் மெஷினுக்கு அடியில் இருந்ததால் தப்பித்தான் என்றேன். அவர் முகத்தில் விளக்கு எரிந்தது. அவனை மட்டும் கொண்டுவாருங்கள், நடு மேசையே உங்களுக்கு, இந்தப் பிளாஸ்டிக் எதுவும் வேண்டாம் என்றார்.

"அவன் தனியா வரமாட்டான் தம்பி. நெஞ்சு மேல ஊரே குடியிருக்கு. ஊரை விட்டுட்டு எப்படி வருவான்?"

பையை மார்போடு அணைத்துக்கொண்டுதான் படி இறங்கினேன். அவர்கள் தூக்கிப் போட்டதை நான் ஏன் தூக்கிப் போட வேண்டும்?

மார்ச் 24, திங்கள்

பையைக் காலி செய்யாமல் அப்படியே வேலைக்கு எடுத்துப் போய்விட்டேன். பஞ்சு என்னைக் கேட்காமலே திறந்தாள். கேட்காமல் இருப்பதுதான் இந்த வாரம் எல்லாருக்கும் வழக்கம் போல. உறைகளைத் தொங்கவிடுகிற கயிற்றில் வரிசையாகக் கிளிப் போட்டு மாட்டினாள்.

ஆவி வந்து மோதியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டிராகன் மேல் துளித் துளியாகத் தண்ணீர் இறங்கியது. முந்தானையால் ஒரு துடை துடைத்தேன். பளபளவென்று, இப்போதுதான் குளித்துவிட்டு வந்தவன் மாதிரி நின்றான்.

துவைக்கிற பக்கத்துப் பெண்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். ஈரக் கையோடு, சோப்பு நுரையோடு, கையில் வாங்கிப் பார்த்தார்கள். வெள்ளைக்கை பார்த்திருந்தால் அவரை அழுக்குத் துணி வண்டியிலேயே படுக்கவைத்து மேலே வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போயிருப்போம். நத்தையைக் கண்டுபிடிப்பவளுக்கு டீ என்றேன். டிராகனின் மூக்குத் துளைக்குள் இருப்பதை நான்கூடப் பார்த்ததில்லை, பஞ்சு பார்த்துவிட்டாள்.

சூப்பர்வைசர் வந்து, இதெல்லாம் என்ன என்றார். "ஆவி இயந்திரத்துலேருந்து வரலை சார், இது விடுறதுதான்," என்று பஞ்சு டிராகனைக் காட்டினாள். அவர் எங்களை முறைத்தார். அப்புறம் நின்று ராணியின் கொண்டையைக் கொஞ்ச நேரம் ஆராய்ந்துவிட்டுப் போனார்.

வீட்டில் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "ஓரம் எதுவும் பிரியலையே?"

பிரியல, என்றேன்.

மார்ச் 30, ஞாயிறு

அங்கே கண்காட்சி. எனக்கு ஷிஃப்ட். எங்கள் சலவையில் இப்போது ஒவ்வொரு இஸ்திரி மேசைக்கு மேலும் ஒரு படம், அவரவர் பொறுக்கி எடுத்தது. மீன்காரி பஞ்சுவிடம்.

நாத்தனார் போன் செய்து, கூட்டம் வந்ததா என்று கேட்டார். "தாங்கல அண்ணி. எல்லாம் ஈரக் கையோட," என்றேன். புரியாமல் வைத்துவிட்டார்.

வெள்ளைக்கை ஆள் அனுப்பியிருக்கிறார். ராட்சதனைக் கொடுத்தால் என்ன கேட்டாலும் மாற்றித் தருவாராம்.

என் வீட்டுக்காரர் இன்னும் சரியாகப் பேசவில்லை. என் அலமாரிப் பக்கம் திரும்புவதே இல்லை. எதையாவது தொட்டு மறுபடியும் கெடுத்துவிடுவோமோ என்று கையைக் கட்டிக்கொண்டே வீட்டுக்குள் நடக்கிறார்.

ஏப்ரல் 8, செவ்வாய்

அரை நாள் லீவு போட்டேன். தையல் மெஷினைத் தூக்கினேன். ராட்சதன் நிமிர்ந்துவிட்டான், ஒரு மடிப்பு இல்லை.

அவர் கடைக்குப் போய் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் மார்க் ஷீட்டோடு ஒரு பெண், பின்னால் ஓட்டுநர் உரிமத்தோடு ஒருவர். "அடுத்து" என்றார், நிமிராமல். ராட்சதனைக் கவுண்டரில் வைத்தேன்.

அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"வேணாம்மா. இது ஒண்ணாவது அப்படியே இருக்கட்டும்."

"நாளைக்கு வேலைக்குக் கொண்டுபோகணும். என் மேசைக்கு மேலதான் இன்னும் காலியா இருக்கு. தடிமனான ஷீட்டாப் போடுங்க. மூலையை வட்டமா வெட்டுங்க, கையில குத்தக் கூடாது."

பின்னால் நின்றவர் அவசரம் என்றார். என் வீட்டுக்காரர் சட்டையில் கையைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். ஷீட்டுக்குள் அட்டையைச் செருகினார். இயந்திரத்துக்குள் விடாமல் அப்படியே பிடித்துக்கொண்டு, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"இதுல நத்தை எங்க இருக்கு?"

ஷீட்டைத் திறந்து, இமை முடி மேல் என் விரலை வைத்துக் காட்டினேன். அவசரக்காரரும் எட்டிப் பார்த்தார்.