உறை கழற்றிய செற்றி

மல்வேர்ன், ரொறன்ரோ
ஒக்ரோபர் 19, ஞாயிறு

அன்பு மகள் கஜனிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பாவின் இடது முழங்காலைத் தவிர மற்றெல்லாம் சுகம், அந்த முழங்காலும் மழை வந்தால்தான் கதைக்கும், மற்ற நேரம் பேசாமல் இருக்கும். உன்னைச் சுகமாக வைத்திருக்கும்படி முருகனிடம் தினமும் சொல்கிறேன், அவர் திரும்பி எனக்கு ஒன்றும் சொல்வதில்லை, அதனால் நீதான் சொல்ல வேண்டும். வைற்ஹோர்சில் இப்பவே பனி கொட்டத் தொடங்கிவிட்டதாக ரிவியில் காட்டினார்கள். படிப்பிக்கப் போகிற அவசரத்தில் காதை மூடாமல் நடந்து போகாதே, பிள்ளைகளுக்குத் தொப்பி போடச் சொல்லிவிட்டு ரீச்சர் வெறுந்தலையோடு நிற்பது வடிவில்லை. போன பார்சலில் வந்த மிளகாய்த்தூள் முடிந்திருக்கும், புதிதாக வறுத்துத் திரித்து வைத்திருக்கிறேன்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். இரண்டு காரணம். ஒன்று, போனில் நான் முக்கியமான கதைக்கு வருவதற்குள் உனக்கு மீற்றிங் வந்துவிடும், கடிதத்துக்கு மீற்றிங் வராது. மற்றது, இந்தக் கடிதத்துக்குள் மூன்று நிறக் கார்டு வைத்திருக்கிறேன். படமெடுத்து அனுப்பினால் போன் தன் இஷ்டத்துக்கு நிறத்தை மாற்றிவிடுகிறது, போதாததற்கு, கண்ணால் நேரே பார்த்தாலும் ஏமாறலாம் என்று இந்த மாதம் எனக்கு நல்ல படிப்பினை கிடைத்துவிட்டது. கார்டுகளை இப்போது எடுக்காதே, கதையை முழுதாக வாசி, கடைசிப் பக்கத்துக்குப் பாய்கிற உன் பழக்கம் எனக்குத் தெரியும்.

போன மாதம் மேல் பாத்ரூம் குழாய் ஒழுகி, முன்ஹோலில் செற்றிக்குப் பின்னால் இருக்கிற சுவரில் ஒரு கறை வந்தது. பார்த்தால் அப்படியே இலங்கைப் படம், யாழ்ப்பாணம் மட்டும் கொஞ்சம் தடித்திருந்தது. குழாயைத் திருத்தியாகிவிட்டது, பயப்படாதே. அப்பா கராஜில் கிடந்த மிச்சப் பெயின்றைக் கொண்டுவந்து அதன்மேல் பூசினார், அந்த வெள்ளை ஒரு வெள்ளை, சுவரின் வெள்ளை வேறொரு வெள்ளை, கறையே பரவாயில்லை என்று ஆகிவிட்டது. சரி, இனி ஹோல் முழுக்க அடிப்போம், இந்த முறை செற்றிக்குப் பொருத்தமான நிறமாகப் பார்த்து அடிப்போம் என்றேன். அப்பா, சுவரெண்டால் வெள்ளை, அதுக்கு மேலை என்ன கதை என்று ரிவிப் பக்கம் திரும்பிவிட்டார். பதினாறு வருடமாக ஆசுபத்திரியில் இருக்கிற மாதிரி இருக்கிறது எனக்கு, நீங்கள் அடிக்காவிட்டால் நான் ஏணியில் ஏறுவேன் என்றேன். என் உடம்பையும் ஏணியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மனுசன் பேசாமல் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு பெயின்ற் கடைக்குப் போய்விட்டார்.

போனவர் போனவர்தான். ஒரு கிழமைக்குள் அவருக்கு அதுவே வேலையாகிவிட்டது. அங்கே பெயின்ற் கலக்கிற ஜூலியன் என்கிற பையனோடு அப்படி ஒரு சிநேகம், போகிற நேரமெல்லாம் ஜக்கெற் பைக்குள் ஒரு கட்டுக் கார்டு வரும். அந்த நிறங்களுக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயரைக் கேட்டால் சிரிப்பாய். ஒன்று காளான் சூப்பாம், இன்னொன்று மழைக்கால ஞாபகமாம். காளான் சூப்பைச் சுவரில் அடித்துவிட்டு யார் சோறு தின்பது. ஜூலியன் நல்ல பிள்ளை, பொறுமையாக அப்பாவுக்கு ஒரு புத்தி சொல்லி அனுப்பியிருந்தான், செற்றித் துணியில் ஒரு துண்டோ ஒரு குஷனோ கொண்டுவந்து காட்டுங்கள், அதற்குத் தோதாகத் தருகிறேன் என்று. அப்பா வந்து, குணம், செற்றியின்ரை பிளாஸ்ரிக் உறையைக் கொஞ்சம் நீக்கி ஒரு குஷனை எடுக்கவோ என்று கேட்டார். உங்களுக்கென்ன விசரே, கடையிலை போட்டுத் தந்த உறை, ஒருக்காக் கழட்டினால் பேந்து அப்பிடி இழுத்துப் போடேலாது என்று நான் பாய்ந்தேன். நிறம் கண்ணுக்குத் தெரிகிறதுதானே, பிஸ்கற் நிறம், அதுக்கு ஏன் கழற்றுவான் என்றேன்.

ஆகவே கார்டுகளைச் செற்றியில் பரப்பி வைத்தோம். ஜூலியன் சொன்னபடி காலை வெளிச்சத்தில் ஒருதரம், பின்னேர வெயிலில் ஒருதரம், லைற் போட்டு ஒருதரம் பார்த்தோம். காலையில் வடிவாக இருப்பது பின்னேரம் பார்த்தால் சேறு மாதிரி இருக்கிறது, இதெல்லாம் எனக்கு முந்தித் தெரியாது. மூன்று நாள் கூட்டிக் கழித்து, ஒரு பிஸ்கற் நிறத்தில் வந்து நின்றோம். பெயின்ற் அடிக்க அப்பாவின் சிநேகிதர் அன்புராசா வந்தார், கைதேர்ந்த ஆள், வாயும் கைதேர்ந்ததுதான். அக்கா, சுவர் செற்றியை விட ஒரு படி வெளிச்சமா இருக்க வேணும், ரெண்டும் ஒரே நிறமெண்டால் வந்த ஆக்களுக்கு இருக்கிற இடம் தெரியாது என்றார். அது நியாயம் என்று ஒரு படி குறைத்து வாங்கினோம். மினுங்கும் பெயின்ற் வேண்டாம், முட்டைக்கோது மாதிரி மெல்லிய மினுக்கம் போதும் என்றார், அதையும் கேட்டோம். 11ஆம் திகதி சனிக்கிழமை செற்றிகளை நடு ஹோலுக்கு இழுத்துவிட்டு மூன்று சுவர் அடித்து முடித்தார். கறைச் சுவருக்கு மட்டும் கறை திரும்ப வெளியே வராமல் ஒரு வெள்ளைப் பூச்சு பூசி, இது காயட்டும், நாளைக்கு அடிப்பம் என்று விட்டுவிட்டுப் போனார். அன்று பின்னேரம் நானும் அப்பாவும் தேத்தண்ணியோடு படியில் இருந்து பார்த்தோம். சுவரும் செற்றியும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தது. எவ்வளவு பொருத்தம் என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

அடுத்த நாள் பெரிய செற்றி ஏணிக்கு இடைஞ்சல் என்று அன்புராசா ஒரு பக்கம் அப்பா ஒரு பக்கம் தூக்கினார்கள். பாதியில் அப்பாவின் முழங்கால் மடங்கியது. விழாமல் இருக்க அவர் எட்டிப் பிடித்தது பிளாஸ்ரிக்கை. பதினாறு வருடப் பிளாஸ்ரிக், அப்பளம் மாதிரி நொருங்கி இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை கிழிந்து போனது. அப்பாவுக்கு ஒன்றும் நடக்கவில்லை, செற்றியிலேயே விழுந்தார். ஆனால் கிழிசலுக்குள் தெரிந்த துணியை மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். அன்புராசாதான் முதலில் வாய் திறந்தார், அக்கா, இது எங்கை பிஸ்கற், இது ரோசாப்பூ எல்லோ.

ஓம் பிள்ளை, ரோசாப்பூ. மெல்லிய, தண்ணீர் கலந்த மாதிரி ரோஸ். கடையில் இருந்து நேற்று இறக்கிய மாதிரி ஒரு அழுக்கில்லை. நாங்கள் இத்தனை வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தது மஞ்சளித்துப் போன பிளாஸ்ரிக்கை. நான் பொருத்தம் பார்த்துப் பார்த்துச் சுவரில் அடித்ததும் அந்தப் பிளாஸ்ரிக்கின் நிறத்தைத்தான். அன்புராசா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், பிறஷைக் கழுவி வைத்துவிட்டு, முடிவு எடுத்துப்போட்டு போன் அடியுங்கோ என்று போய்விட்டார். ரோசும் பிஸ்கற்றும் இப்போது முன்ஹோலில் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன. அப்பாவுக்கு ஒரே சந்தோசம், வெள்ளை எண்டு அண்டைக்கே சொன்னனான் என்று பத்துத் தரமாவது சொல்லியிருப்பார்.

அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ரோசைக் கண்டவுடன் எனக்கு எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. அது நீ தெரிந்தெடுத்த நிறம். நாங்கள் இந்த வீட்டுக்கு வந்த வருடம், உனக்கு இருபத்தொரு வயது. நான் ஊத்தை தெரியாத கபில நிறம்தான் வேண்டும் என்று நின்றேன். நீ கடையில் இந்தச் செற்றியில் ஏறி இருந்துகொண்டு, அம்மா, இதுதான், ஐ ஆம் நொற் கெற்றிங் அப் என்று சொல்லிக் காலை மடக்கிக்கொண்டாய். அப்பா உன் பக்கம் சேர்ந்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் நான் உறையைக் கழற்ற விடவில்லை. நாளைக்கு ஒருநாள் உன்னைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள், அவர்கள் இருக்கும்போது புதிதாக இருக்க வேண்டும் என்று சொன்னேன். நீ, அம்மா, இது செற்றியா பார்சலா என்று கேட்டாய். பிறகு கேட்கவில்லை. யூனிவேசிற்றி முடியும்வரை கார்ப்பெற்றில் இருந்துதான் படித்தாய், செற்றியில் இருந்தால் கால் ஒட்டுகிறது, அசைந்தால் சத்தம் கேட்கிறது என்று. உன் நிறத்தை நீயும் அனுபவிக்கவில்லை, நானும் மறந்தே போனேன்.

இனி நான் சொல்ல வந்தது. இரண்டு வருடத்துக்கு முந்தி ஆடியில் நீ லீவுக்கு வந்து நின்றபோது, உனக்கு ஒரு சொல்லும் சொல்லாமல் உன்னைப் பெண் பார்க்க அந்தக் குடும்பத்தை வரச் சொன்னவள் நான். அப்பாவுக்கும் முதல் நாள்தான் தெரியும். மாப்பிள்ளையின் தாய் மனுசி அந்தச் செற்றியில் இருந்து, அசைகிற நேரமெல்லாம் பிளாஸ்ரிக் கிறீச்சென்று கத்த, பிள்ளைக்கு முப்பத்தைஞ்சு எண்டு நீங்கள் சொல்லேல்லையே என்று உன் முன்னாலேயே என்னைக் கேட்டா. நீ தேத்தண்ணித் தட்டை மேசையில் வைத்துவிட்டு மேலே போனாய். அடுத்த நாள் காலைப் பிளேனில் போய்விட்டாய். அன்றிலிருந்து ஐந்து நிமிடப் போனும் மீற்றிங்கும்தான். நான் இரண்டு வருடமாக எல்லோரிடமும், அவளுக்குக் கோபம் கூட என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். கோபம் வராமல் என்ன செய்யும். அந்த நேரம் நான் அந்த மனுசிக்கு ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாமல் பல்லிளித்துக்கொண்டு பலகாரத் தட்டை நீட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. வருகிறவர்களுக்காக வைத்து வைத்து, வீட்டில் இருந்த பிள்ளையை நிலத்தில் இருத்திவிட்டேன். பிழை என்னுடையது, மன்னித்துக்கொள் பிள்ளை. இனிமேல் கல்யாணக் கதையே எடுக்க மாட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன், எனக்கு என் வாயைத் தெரியும். ஆனால் உன்னைக் கேட்காமல் ஒரு ஆளும் இந்த வாசல்படி ஏறாது, அது சத்தியம்.

சரி, மூக்கைத் துடைத்துக்கொண்டு மிச்சத்தைக் கேள். மிச்ச உறைகளையும் நானே கத்தரிக்கோலால் வெட்டிக் கழற்றினேன். செவ்வாய்க்கிழமை குப்பை வண்டியில் போட்டுவிட்டார்கள், யாராவது திரும்ப எடுத்துவிடுவார்களோ என்று, வேறு யார், நான்தான், வாசலில் நின்று வண்டி திரும்பும்வரை பார்த்தேன். அன்று பின்னேரமே அப்பா தேத்தண்ணியை வலது கைப்பிடிக்குப் பக்கத்தில் ஊற்றிவிட்டார். இரண்டு டொலர் ரூனிக் காசு அளவுக் கறை. நான் வாய் திறக்கவில்லை. மனுசன் பயந்துபோய், குணம், உனக்குக் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். இருக்கத்தானே செற்றி என்றேன். உள்ளுக்குள் எனக்கு எப்படி இருந்தது என்று நீ கேட்காதே.

இந்த முறை அப்பா குஷன் உறையை ஜக்கெற்றுக்குள் வைத்துக்கொண்டுபோய் ஜூலியனிடம் கொடுக்க, அவன் ஜன்னலடியில் பிடித்துப் பார்த்து மூன்று கார்டு தந்தான். இப்போது நீ எடுத்துப் பார்க்கலாம். முதலாவது காய்ந்த முருங்கையிலை மாதிரிச் சாம்பல் பச்சை, ரோசுக்குப் பக்கத்தில் பச்சை நின்றால்தான் ரோஸ் எழும்பித் தெரியும் என்பது ஜூலியனின் கட்சி. இரண்டாவது மழைக்கு முந்தின வானம் மாதிரி நீலம், அது அன்புராசாவுக்குப் பிடித்தது. மூன்றாவது பால் வெள்ளை, அது யாருடைய கட்சி என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. என் கட்சி எதுவென்று சொல்ல மாட்டேன், முந்தி ஒருதரம் சொல்லித்தான் நீ தெரிந்தெடுத்த நிறத்தை மூடி வைத்தேன். மார்கழி லீவுக்கு வா. அதுவரை சுவர்கள் இப்படியே நிற்கும் என்று அன்புராசாவுக்குச் சொல்லிவிட்டேன். ஒருவரையும் கூப்பிட மாட்டேன், நீயும் நானும் அப்பாவும்தான். கணவாய்க் கறியும் புட்டும் வைக்கிறேன், சாப்பாட்டுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு செற்றியில் காலை மடக்கி இருந்து சாப்பிடு. கறி ஊற்றினால் ஊற்றட்டும், அப்பாவின் கறைக்கும் ஒரு துணை.

நீ நல்லாயிருக்க வேண்டும், உன் நித்திரையும் சாப்பாடும் சிரிப்பும் குறையாமல் இருக்க வேண்டும், உன்னோடு கதைக்கிறவர்கள் உன்னை மதித்துக் கதைக்கிறவர்களாக இருக்க வேண்டும், இதைத்தான் விளக்கேற்றும்போது கேட்கிறேன். அப்பா உன் தலையைத் தடவியதாக எழுதச் சொன்னார். காதை மூடிக்கொண்டு போ. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, நீ தெரிந்தெடுத்த நிறத்தைப் போனில் சொல்லாதே, சொன்னால் எனக்குக் காது கேட்காது. கார்டைத் தபாலிலும் அனுப்பாதே, வந்தால் பிரிக்க மாட்டேன். கையில் கொண்டு வா.

உன்னை இருத்திப் பார்க்கக் காத்திருக்கும்
அம்மா,
குணவதி சிவபாதம்