அத்தானின் தொலைநோக்கிக்கு ஒரு பேட்டரிப் பெட்டி

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் உன் மனைவியும் நலமாக இருக்க வேண்டும். இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் சொன்னால் உன் அத்தான் காதில் விழும், அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் பெட்டி விஷயம். இல்லாவிட்டால் மறுபடி பாடம் நடத்துவாய். ஃபியூஸைத் தொலைநோக்கிப் பக்கம் வைத்து நான் வரைந்து அனுப்பியதற்கு, "நடுவுல ஒயர் உரசித் தீப்பிடிச்சா ஃபியூஸ் வேடிக்கையா பாக்கும்?" என்று திட்டினாயே, எல்லாவற்றையும் பிரித்துப் போட்டேன். இப்போது பேட்டரியின் பிளஸ் முனையை ஒட்டியே ஃபியூஸ் இருக்கிறது. தடித்த ஒயர்தான். பேட்டரி ஆடாதபடி பட்டை போட்டு இறுக்கிவிட்டேன். மீட்டர் வைத்துப் பிளஸ், மைனஸ் பார்த்த பிறகுதான் செருகினேன். துணி தைக்கிற கை, அவ்வளவு மோசமில்லை.

பார்வை இன்னும் ஆறு மாதம்தான் என்று டாக்டர் சொன்னதிலிருந்து உன் அத்தானுக்கு ஒரே ஆசை, சனியின் வளையத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். மொட்டைமாடியில் பிளக் இல்லை. தொலைநோக்கியைச் சனியோடு கூடவே திருப்புகிற மோட்டார் ஓடாவிட்டால் சனி நகர்ந்துவிடும், மங்கின கண்ணால் திரும்பத் தேடிப் பிடிக்க முடியாது.

நீ சொன்ன ஃபியூஸ் கூடு வந்து சேரப் பதினேழு நாள் ஆனது. அதுவரை ஃபியூஸ் இல்லாமலே ஓட்டலாம் என்று கெஞ்சினார். நீ பட்டறையில் பேட்டரி வெடித்துக் கையைச் சுட்டுக்கொண்டவன், உன் பேச்சை மீற எனக்குத் தைரியமில்லை. "கண்ணு போறது போதாதா, கையும் வேகணுமா?" என்று அதட்டிவிட்டேன். அப்படிப் பேசின நாக்கை என்ன செய்வது? அந்த நாட்களில் அவர் தம்ளரைத் தேடி மேசை முழுக்கத் தடவினார். நான் பார்க்காதவள் மாதிரி இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை, இருட்டினதும் மாடிக்குப் போனோம். பெட்டி நன்றாக வேலை செய்தது, சூடுகூட ஆகவில்லை. தொலைநோக்கியின் மேலே இருக்கிற சின்னக் குழாய் வழியாக நான் சனியைக் குறிபார்த்து வைத்துவிட்டு, நீங்களே முதலில் பாருங்கள் என்றேன். வெகுநேரம் குனிந்து பார்த்தார். "தெரியுதும்மா, மஞ்சளா இருக்கு. வளையம் சாய்ஞ்சு நிக்குது" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகு நான் குனிந்தேன். ஒரே கறுப்பு. நிமிர்ந்து பார்த்தால் பெரிய குழாயின் மூடியை நான் கழற்றவே இல்லை.

"பாத்தியா?" என்று கேட்டார். பார்த்தேன், ரொம்ப அழகு என்றேன். மூடியை அப்படியே விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது அவரே அந்த வளையத்தைப் பற்றி ஆரம்பிப்பார். குறுக்கே பேசாதே. என்ன நிறம், எவ்வளவு சாய்வு என்று கேள். நீ சொன்ன பெட்டியால்தான் பார்த்தேன் என்பார். ஆமாம் அத்தான் என்று சொல்லிவிடுடா, உனக்குப் புண்ணியமாகப் போகும்.

உன் கண்ணைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அக்கா