துத்தநாகம் இல்லை, தணிகா

என் உயிர்த் தணிகா,

நீ போய் நான்கு மாதம் ஆகிறது. இன்றைக்கும் உன் மேல் கோபத்தோடுதான் எழுத உட்கார்ந்தேன். அன்றைக்கு நீ ஏன்டா என்னைத் திருப்பி அடிக்கவில்லை?

சிலிக்கானும் ஜெர்மானியமும் கலந்த அந்தத் தகடுகளுக்காகக் கல்லூரி ஆய்வகத்தில் ஒன்றரை வருடம் இரண்டு பேரும் உயிரை விட்டோம். உலையில் சுட்டெடுத்து அளந்தால் எல்லாவற்றிலும் மின்சாரம் கசிந்தது. செம்பு புகுந்துவிட்டது என்று நீதான் முதலில் சொன்னாய். சூட்டில் செம்பு உள்ளே தறிகெட்டு ஓடும், ஆறும்போது படிகத்தில் எங்கே பழுது இருக்கிறதோ அங்கே போய் அடைந்துகொள்ளும் என்று படம் போட்டுக் காட்டினாய்.

நான் படத்தையா பார்த்தேன்? உன் மேசையில் கிடந்த பித்தளை இடுக்கியைப் பார்த்தேன், செம்பு அதிலிருந்துதான் வந்தது என்று முடிவுகட்டினேன். பளாரென்று அறைந்தேன். தடுத்த கையை முறுக்கி உன்னைச் சுவரில் மோதினேன். தகடுகளைத் தரையில் கொட்டி மிதித்தேன். உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே நீ சொன்னாய்:

"அத வெளியதான் மச்சான் வச்சிருந்தேன். உலைகிட்ட எடுத்துக்கினு போகவே இல்ல."

நான் கேட்கவில்லை. நேரே பேராசிரியரிடம் போனேன். அன்று மாலையே உனக்கு ஆய்வகக் கதவு மூடியது, நாம் சேர்ந்து எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து உன் பெயரும் போனது.

ஒன்பதாம் நாள் ஐயம்பேட்டைத் திருப்பத்தில் உன் பைக்கை மணல் லாரி அடித்தது. சாவுக்கு வந்தேன், தூக்கவும் தோள் கொடுத்தேன். வெட்கங்கெட்டவன்.

போன வாரம் ஆய்வகத்துக்கு உன் பெயரில் ஒரு தபால். என் காலுக்குத் தப்பிய ஒரே ஒரு தகட்டை அன்றே எடுத்து நீ வெளியூர் சோதனைக்கு அனுப்பியிருக்கிறாய். தகடும் முடிவும் திரும்பி வந்திருந்தன. செம்பு இருக்கிறது. வெள்ளி இருக்கிறது. தங்கமும் இருக்கிறது. துத்தநாகம் துளியும் இல்லை. பித்தளை என்பதே செம்பும் துத்தநாகமும்தான்; உன் இடுக்கி பட்டிருந்தால் துத்தநாகம் வராமல் இருக்குமா?

என் மணிக்கட்டைப் பார்த்தேன். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டில் ஒவ்வொரு சேலையும் தறியிலிருந்து இறங்கியதும், மிஞ்சிய ஜரிகையை அம்மா என் கையில் கட்டிவிடுவாள். வெள்ளியும் செம்பும் சேர்ந்த கம்பி, மேலே தங்க முலாம். உலைக்குப் போகும்போது கழற்ற மனம் வராமல் அதைக் கையுறைக்குள் தள்ளிக்கொள்வேன். அது கையுறையின் விளிம்பில் தேய்ந்து தேய்ந்து தகடுகளின் மேல் உதிர்ந்திருக்கிறது. தப்பு என்னுடையது, தணிகா.

நேற்று உன் வீட்டுக்குப் போய் உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நெல் மூட்டை தூக்குகிற கை அது. அவர் விட்ட ஒரே அறையில் வாசலில் போய் விழுந்தேன். எழுந்து மறு கன்னத்தோடு நின்றேன். ஓங்கிய கையை அவர் இறக்கிவிட்டார்.

"எம் புள்ள திருடன் மாரி தல குனிஞ்சிக்கினு வந்தான்பா. எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? அங்க போயி சொல்லு."

திங்கட்கிழமை நம் துறைக் கருத்தரங்கில் எல்லார் முன்னாலும் சொல்வேன். ஜரிகையை அறுத்து அந்தத் தகட்டோடு பையில் வைத்துவிட்டேன். கட்டுரையில் உன் பெயர் முதலில் வரும், இல்லையென்றால் என் பெயர் வராது. துரத்தினால் துரத்தட்டும். உன்னைத் துரத்திய அதே கதவு வழியாக நானும் வெளியே வருகிறேன், இது சத்தியம்.

நீ அடிக்காமல் விட்ட அடிக்குக் காத்திருக்கும்,
உன் மச்சான்
ஏகாம்பரம்