பச்சை வேண்டாம், ஆரஞ்சு சொல்லிவிடு

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சூடுபண்ணிச் சாப்பிடு. பதினோரு மணிக்குச் சட்டைக் கடைக்காரர் துணி மாதிரிகளோடு வருவார். நம் புல்வெட்டும் ஆட்களின் சீருடைக்கு நீ சொன்ன ஆரஞ்சு நிறத்தையே சொல்லிவிடு.

மூன்று நாளாகப் பச்சைதான் என்று ஒற்றைக்காலில் நின்றவன் நான்தான். "புல்லுக்குள்ள ஆளே தெரியமாட்டாங்க" என்று நீ சொன்னதற்கு, "நீயா வந்து வெயில்ல நிக்கிறே?" என்று கத்தினேன்.

நேற்று மத்தியானம் உன் தம்பி பழைய பச்சைச் சட்டையோடு வேலியோரம் குந்திக் களை பிடுங்கிக்கொண்டிருந்தான். நான் வண்டியைப் பின்னால் எடுத்தேன். கண்ணாடியில் வெறும் செடிதான் தெரிந்தது. "மாமா!" என்று அலறினான். சக்கரத்துக்கும் அவனுக்கும் ஒரு சாண்தான் இருந்தது. வண்டியை நிறுத்திவிட்டு அவனிடம் ஓடினேன். அவன்தான் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தான். "அக்காகிட்ட சொல்லிடாதீங்க மாமா, பயந்துடும்" என்றான்.

உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

வாசல் சாவி என்னிடம் இருக்கிறது, தேடாதே.

இன்னொன்று. சாயங்காலம் அவனையும் சாப்பிடக் கூட்டிவருகிறேன். அவனிடம் ஒன்றும் கேட்காதே. கேட்க வேண்டியதையெல்லாம் என்னிடம் கேள்.